அறைக்கு முன் சாலையைப் பாருங்கள்: கொடைக்கானலில் தங்குமிடம் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

கொடைக்கானலுக்கு முதல்முறையாகச் செல்பவர்களில் பலர், கைப்பேசியில் அறைகளின் படங்களை வரிசையாகப் பார்த்து, அழகானதையும் மலிவானதையும் ஒப்பிட்டு, ஒன்றுக்கு முன்பணம் கட்டிய பிறகுதான் அது எந்தச் சாலையில் இருக்கிறது என்று தேடத் தொடங்குகிறார்கள். இந்த வரிசையை மாற்றிச் செய்வதே நான் சொல்லவிருக்கும் முதன்மையான யோசனை. ஊர் சிறியது, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகராட்சியில் வசித்தவர்கள் 36,501 பேர்தான். ஏரியைச் சுற்றியுள்ள சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். வரைபடத்தில் எல்லா இடங்களும் அடுத்தடுத்து இருப்பதுபோலவே தெரியும். ஆனால் மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஊருக்கு முன்பே வரும் வெள்ளி நீர்வீழ்ச்சியிலிருந்து ஊர் நடுவில் இருக்கும் மூஞ்சிக்கல் வரை வாகனத்தில் வந்து பார்த்தவர்களுக்கு, இந்த ஊரில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பது எவ்வளவு பயனற்றது என்பது தெரியும். எனவே அறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்த நாள், எந்தப் பக்கம் என்ற இரண்டையும் முதலில் தீர்மானியுங்கள்.

முதற்படி: நாளையும் வாகனத்தையும் உறுதி செய்தல்

ஏப்ரல் முதல் ஜூன் வரை சீசன். பள்ளி விடுமுறையும் சமவெளியின் வெயிலும் சேர்ந்து கூட்டத்தை மலையேற்றிவிடும். அறை வாடகையும் அதனுடன் ஏறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். காடும் அருவிகளும் நிறைந்திருக்கும், ஆனால் மலைச்சாலையில் மரம் விழுவதும் மண் சரிவதும் இந்த மாதங்களில் உண்டு. டிசம்பர் இறுதி விடுமுறையிலும் நெரிசல் உண்டு. நாளை மாற்றிக்கொள்ள வாய்ப்புள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏறி, புதன்கிழமை இறங்குமாறு திட்டமிடலாம். அப்போது மற்றவர்கள் இறங்கும் நேரத்தில் நீங்கள் ஏறிக்கொண்டிருப்பீர்கள். வாடகையைப் பேசிக் குறைக்கவும் அந்த நாள்களிலேயே இடமுண்டு.

சொந்த வாகனத்திலோ வாடகை வாகனத்திலோ செல்பவர்கள், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் (இணையத்தில் பெறும் நுழைவு அனுமதி) எடுத்தாக வேண்டும். 2025 சீசனில் வாகன எண்ணிக்கைக்கே வரம்பு விதிக்கப்பட்டது: வார நாள்களில் நாளொன்றுக்கு 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000. ஆகவே சீசனில் செல்பவர்கள் பாஸ் கையில் கிடைத்த பிறகு முன்பணம் கட்டுவதே முறை. அறை உறுதியாகி, பாஸ் கிடைக்காமல் போனால் விடுதிக்காரர் பணத்தைத் திருப்பித் தருவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அரசுப் பேருந்தில் செல்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது.

இரண்டாம் படி: எந்தப் பக்கம் தங்குவது

இந்தப் படியில்தான் நேரம் செலவிட வேண்டும். கொடைக்கானலை ஐந்து பக்கங்களாகப் பிரித்துப் பார்த்தால் தேர்வு எளிதாகும்.

பேருந்து நிலையம், மூஞ்சிக்கல், ஏழு ரோடு சந்திப்பு ஆகியவை ஊரின் நடுப்பகுதி. சைவ, அசைவ உணவகங்கள், மருந்துக்கடைகள், ஏடிஎம்கள் எல்லாம் இங்கே உண்டு. மலைச்சரிவை ஒட்டிய நடைபாதையான கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பூங்கா, ஏரி மூன்றுக்கும் நடந்தே போய்வரலாம். வாகனம் இல்லாமல் வருபவர்களுக்கும், கைக்குழந்தையுடன் வருபவர்களுக்கும், மருத்துவத் தேவை எந்நேரமும் வரக்கூடிய முதியவர்களுக்கும் நான் இந்தப் பகுதியைத்தான் சொல்வேன். இரைச்சல் இருக்கும்; அதிகாலையிலேயே பேருந்தின் ஹாரன் எழுப்பிவிடும்; சன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியலாம். ஆனாலும் முதல் பயணத்தில் காட்சியைவிட வசதி முக்கியம் என்பதை இரண்டாம் நாள் மாலையில் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

ஏரிக்கரை அடுத்தது. 1863-இல் வியர் ஹென்றி லெவிஞ்ச் முயற்சியால் உருவான இந்த ஏரி, சுற்றிலும் சரிவுகள் சூழ்ந்த ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. பகலில் இது அழகு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் இதுவே சோதனை. வானம் தெளிவாக இருக்கும் இரவில், குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் வழிந்து இந்தக் கிண்ணத்தில் வந்து தேங்குகிறது. கொடைக்கானலில் உறைபனி என்று செய்தி வரும்போதெல்லாம் ஜிம்கானா, கீழ்பூமி, ஏரிச்சாலை என்ற பெயர்களே முதலில் வருவதற்குக் காரணம் இதுதான். அதே இரவில், சரிவின் பாதி உயரத்தில் இருக்கும் ஒரு வீட்டில் குளிர் சற்றுக் குறைவாகவே இருக்கும். எனவே குளிர்காலத்தில் முதியவர்களுடன் செல்பவர்கள் ஏரிக்கரை அறையைவிட ஏரியைப் பார்த்தபடி மேலே இருக்கும் அறையைத் தேடுவது நல்லது. ‘லேக் வியூ’ என்று பலகை வைத்திருக்கும் இடங்களில் எத்தனை அறைகளிலிருந்து ஏரி தெரிகிறது என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். பெரும்பாலும் ஏரியைப் பார்க்க மாடிப்படி ஏற வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பாம்பார்புரம் வழியாக வட்டக்கானல் வரையுள்ள பக்கம். ஊரிலிருந்து 5, 6 கிலோமீட்டருக்குள் இருந்தாலும் வட்டக்கானலின் இயல்பே வேறு. சோலைக்காடு, டால்பின் நோஸ் பாறைக்கு இறங்கும் நடைபாதை, சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு வீடுகள், முதுகுப்பையுடன் வரும் இளைஞர்கள். சாலை குறுகல், வார இறுதியில் எதிர்வரும் வாகனத்துக்கு வழிவிடுவதற்கே பின்னோக்கி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். பல வீடுகளுக்குச் சாலையிலிருந்து படிகள் இறங்கிப் போக வேண்டும். நடக்கக்கூடியவர்கள் இங்கே தங்கினால் மூன்று நாளும் வண்டியை எடுக்க மாட்டார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் இந்தப் பக்கத்தைத் தவிர்த்துவிடலாம்.

நான்காவது, அட்டுவம்பட்டி, வில்பட்டி, பள்ளங்கி ஆகிய ஊர்களின் பக்கம். காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே காட்டேஜ்கள் பெருகியிருப்பது இங்கேதான். குடும்பமாகப் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டு இருக்க விரும்பினால் பொருத்தமான இடம். ஆனால் பிரதான சாலையிலிருந்து பிரியும் கடைசி ஒரு கிலோமீட்டர் எப்படி இருக்கும் என்று கட்டாயம் விசாரியுங்கள். ஒருமுறை இந்தப் பக்கத்தில் நான் எடுத்த வீட்டுக்கு, மழையில் குழைந்த மண்பாதையில் கார் ஏறவே இல்லை. வீட்டுப் பொறுப்பாளர் ஜீப் கொண்டுவந்து பெட்டிகளை ஏற்றினார், ஒவ்வொரு நடைக்கும் தனிக் கட்டணம். படத்தில் கண்ட பள்ளத்தாக்கும் அந்த வீட்டிலிருந்து தெரியவில்லை. மறுநாள் மேலே இருந்த பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் கூப்பிட்டுக் காட்டினார்; படம் எடுக்கப்பட்டது அந்த மாடியிலிருந்துதான்.

ஐந்தாவது, ஊருக்கு வெளியே. இதில் இரண்டு திசைகள் உண்டு. மலையேறும் வழியில், நகரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்பே வரும் பெருமாள்மலை உயரம் குறைந்தது. குளிரும் சற்றுக் குறைவு. வத்தலக்குண்டுச் சாலையும் பழனிச் சாலையும் கூடும் இடம் என்பதால் பேருந்து வசதிக்குக் குறைவில்லை. ஆனால் இங்கே தங்கிக்கொண்டு தினமும் ஏரிக்கும் தூண் பாறைக்கும் போய்வருவது சீசனில் அறிவுடைமை ஆகாது. நெரிசல் முழுவதும் உங்களுக்கும் ஊருக்கும் நடுவில்தான் நிற்கும். மறுதிசையில், உள்ளூரார் மேல்மலை என்று சொல்லும் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி ஊர்கள். பூம்பாறை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். படிக்கட்டு வயல்களும், குழந்தை வேலப்பர் கோயிலும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டும் அந்த ஊரின் அடையாளங்கள். மன்னவனூர் அதற்கும் அப்பால். புல்வெளியும் ஆட்டுப் பண்ணையும் உள்ள அமைதியான இடம். இங்கெல்லாம் பேருந்துகள் எண்ணிக்கையில் குறைவு, கைப்பேசிச் சிக்னல் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பெட்ரோலையும் பணத்தையும் மருந்தையும் கொடைக்கானலிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

முதல்முறை மூன்று இரவு தங்குபவர்களுக்கு என் பரிந்துரை இது: முதல் இரண்டு இரவுகள் ஊருக்குள், மூன்றாம் இரவு பூம்பாறையில். மூன்றையும் ஒரே இடத்தில் தங்கினால் வாடகையில் சிறு தள்ளுபடி கிடைக்கக்கூடும். ஆனால் போக வர அலையும் நேரத்தைக் கணக்கிட்டால் அது லாபம் இல்லை.

மூன்றாம் படி: எந்த வகை இடம்

லாட்ஜ், ஹோட்டல், ரிசார்ட் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, சமவெளியில் அறிந்தவைதான். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு இங்கேயும் உண்டு. இட வசதியும் வாகனம் நிறுத்தும் வசதியும் வேண்டுபவர்கள் அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

காட்டேஜுக்கும் ஹோம்ஸ்டேக்கும் உள்ள வேறுபாட்டைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். ஹோம்ஸ்டே என்றால் உரிமையாளர் குடும்பம் அதே வளாகத்தில் வசிக்க வேண்டும். இரவு மின்சாரம் நின்றால் கதவைத் தட்ட ஓர் ஆள் இருப்பார், காலையில் வீட்டுச் சாப்பாடு கிடைக்கும். நடப்பில் ஹோம்ஸ்டே என்ற பெயரில் வாடகைக்கு விடப்படும் வீடுகள் பலவற்றில் உரிமையாளர் மதுரையிலோ கோவையிலோ இருக்கிறார். சாவியைக் கொடுக்கும் பொறுப்பாளர் ஒருவரே நான்கு வீடுகளைப் பார்த்துக்கொள்கிறார். இதில் தவறொன்றும் இல்லை, ஆனால் தெரிந்து எடுக்க வேண்டும். “இரவில் அந்த வளாகத்தில் யார் இருப்பார்கள்?” என்ற ஒரே கேள்வியில் இது வெளிப்பட்டுவிடும்.

சமையலறையுடன் வீடு எடுப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. ஊர் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகும், அரிசி நடுவில் விதைபோல நிற்கும். வீட்டில் குக்கர் இருக்கிறதா, அதன் கேஸ்கெட் நல்ல நிலையில் இருக்கிறதா என்று கேட்பது சிரிப்பை வரவழைக்கலாம். கேட்டுவிடுங்கள்.

டென்ட் தங்கல்களை நான் பரிந்துரைப்பதில்லை. அனுமதியின்றி அமைத்தவற்றின் மீது நிர்வாகம் பலமுறை நடவடிக்கை எடுத்திருக்கிறது. மேலும் காட்டுமாடுகள் ஊருக்குள்ளேயே உலவும் இடத்தில் துணிச்சுவருக்குள் தூங்குவதற்கு மனவுறுதி வேண்டும். அனுமதிக் கேள்வி கட்டடங்களுக்கும் பொருந்தும். விதிமீறிய கட்டடங்கள் பல, உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து 2019-இல் பூட்டி முத்திரையிடப்பட்டன. முழு முன்பணம் கட்டுவதற்கு முன், உரிமம் உண்டா, ஜிஎஸ்டி எண்ணுடன் ரசீது தருவார்களா என்று கேளுங்கள். தயக்கமில்லாமல் பதில் சொல்பவரிடமே பேச்சைத் தொடரலாம்.

நான்காம் படி: தொலைபேசியில் பேசுதல்

இணையத்தில் பார்த்துத் தேர்ந்த இரண்டு மூன்று இடங்களுக்கு நேரடியாகப் பேசிவிட வேண்டும். மலையூரில் முதற்கேள்வி சுடுதண்ணீர். ‘24 மணி நேரமும் சுடுதண்ணீர்’ என்ற வாசகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், அது எதில் சூடாகிறது என்று கேளுங்கள். சூரிய சக்தி என்றால், வெயில் அடித்த நாளில் மாலையில் நன்றாக வரும். மூட்டம் சூழ்ந்த மறுநாள் காலையில் வெதுவெதுப்பாகக்கூட வராது. 3 லிட்டர் கீசர் என்றால் ஒரு வாளி நிறைவதற்குள் சூடு தணிந்துவிடும். நான்கு பேர் குளிக்க 15 அல்லது 25 லிட்டர் கொள்ளளவு வேண்டும். ஆளுக்கொரு வாளி வென்னீர் கொண்டுவந்து தரும் பழைய முறையும் சில லாட்ஜ்களில் இருக்கிறது. நேரம் குறித்துச் சொல்லிவிட்டால் அது மற்ற எல்லாவற்றையும்விட நம்பத்தக்கது என்பது என் அனுபவம்.

அடுத்தது ஈரம். இங்கே ஏசி தேவைப்படாது, மின்விசிறிகூட இல்லாத அறைகள் உண்டு. ஆனால் மழைக்காலத்தில் மெத்தையும் கம்பளியும் ஈரவாடை பிடித்துவிடும். வெயில் படும் சன்னல் உள்ள அறை எது என்று கேட்டு அதைக் கேளுங்கள். சரிவைக் குடைந்து கட்டிய கட்டடங்களில், சாலை மட்டத்துக்குக் கீழே உள்ள தளத்து அறைகளின் பின்சுவர் மண்ணோடு ஒட்டியிருக்கும். அவற்றை மலிவாகக் கொடுத்தாலும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வேண்டாம்.

பிறகு, படிகள் எத்தனை, வாகனம் வளாகத்துக்குள் நிற்குமா அல்லது சாலையோரத்திலா, மின்தடை வந்தால் இன்வெர்ட்டர் எவற்றை இயக்கும், ரூம் ஹீட்டருக்குத் தனிக் கட்டணமா, கூடுதல் கம்பளிக்குக் காசு உண்டா, கேம்ப்ஃபயர் வாடகையில் அடங்குமா என்பவற்றை ஒரே மூச்சில் கேட்டு, பதில்களை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டுநருடன் வருபவர்கள் அவர் படுக்க இடம் உண்டா என்று கேட்க மறக்கக் கூடாது. நாம் கணப்படுப்பின் முன் உட்கார்ந்திருக்கும்போது, மறுநாள் நம்மைக் கொண்டை ஊசி வளைவுகளில் பத்திரமாக இறக்க வேண்டியவர் காருக்குள் போர்வையில்லாமல் சுருண்டு கிடப்பது நாகரிகமும் அல்ல, பாதுகாப்பும் அல்ல.

குடிதண்ணீரையும் கேளுங்கள். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் குளிர்பான பாட்டில்களுக்கும் இங்கே தடை உண்டு. கொண்டுவந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி கட்ட வேண்டியிருக்கும். விடுதியில் சுத்திகரித்த நீர் நிரப்பிக்கொள்ள வசதியிருந்தால், எவர்சில்வர் பாட்டில்களுடன் வருவதே எளிது.

ஐந்தாம் படி: பணம்

சொல்லும் வாடகையில் வரி அடங்குமா என்பதைத் தெளிவாக்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேற்பட்டவற்றுக்கு 18 சதவீதம். வாடகை அறைக்கா, ஆளுக்கா என்பதும் முக்கியம்; காட்டேஜ்களில் ஆளுக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டு, குழந்தைகளையும் முழு ஆளாக எண்ணுவது உண்டு.

முழுத் தொகையையும் முன்கூட்டிக் கேட்பவரிடம், ஒரு பகுதி மட்டும் அனுப்புவதாகச் சொல்லிப் பாருங்கள். பணம் போகும் கணக்கு விடுதியின் பெயரிலா, தனிநபர் பெயரிலா என்று அனுப்புவதற்கு முன் திரையில் தெரியும் பெயரைப் படியுங்கள். பிரபல விடுதிகளின் படங்களைத் திருடிப் போலி இணையப் பக்கம் நடத்தி முன்பணம் பறிக்கும் மோசடி எல்லாச் சுற்றுலா ஊர்களிலும் இருக்கிறது. வரைபடச் செயலியில் காணும் எண்ணுக்கும் விளம்பரத்தில் உள்ள எண்ணுக்கும் வேறுபாடு இருந்தால் இரண்டுக்கும் பேசுங்கள். காணொளி அழைப்பில் அறையைக் காட்டச் சொல்லுங்கள். இருக்கும் அறையைக் காட்ட யாரும் மறுப்பதில்லை.

முன்பதிவே இல்லாமல் போவதானால் வார நாளில், சீசன் அல்லாத மாதத்தில், பிற்பகலுக்கு முன்பாகப் போங்கள். வெள்ளி நீர்வீழ்ச்சியருகிலும் பேருந்து நிலையத்திலும் “ரூம் வேணுமா சார்?” என்று இருசக்கர வாகனத்தில் கூடவே வருபவர்கள் இடைத்தரகர்கள், அவர்கள் பங்கு உங்கள் வாடகையில்தான் சேரும். ஆயினும் இரவு எட்டு மணிக்கு மழையில் குழந்தைகளுடன் நிற்பவர்களுக்கு அவர்களே கைகொடுத்த கதைகளையும் கேட்டிருக்கிறேன். அறையைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள்.

ஆறாம் படி: போய்ச் சேரும் நாள்

சென்னையிலிருந்து பாண்டியன் விரைவு ரயிலில் வருபவர்கள் விடியுமுன்னே கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்குவார்கள்; அங்கிருந்து 80 கிலோமீட்டர். காலை எட்டு மணிக்கு ஊரில் இருப்பீர்கள், அறையோ நண்பகல் பன்னிரண்டுக்குத்தான் கிடைக்கும். நான்கு மணி நேரத்தைப் பெட்டிகளுடன் கழிக்க வேண்டாம் என்றால், முன்னதாகவே அறை தர முடியுமா, முடியாவிட்டால் பெட்டிகளை வைத்துவிட்டு முகம் கழுவ இடம் தருவார்களா என்று முந்தின நாளே பேசிவிடுங்கள். பெரியவர்கள் எல்லோருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர் உடன் வந்தால், விடுதிக்காரர் அவருடைய விவரங்களை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். சிறு காட்டேஜ்கள் சில அதற்கு ஆயத்தமாக இருப்பதில்லை, ஆகவே முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும்.

வெளிச்சம் இருக்கும்போதே அறைக்குப் போய்ச் சேருங்கள். மலைச்சாலை மூட்டத்தில் மறைந்துவிடும் என்பது ஒன்று; காட்டுமாடுகள் அந்தியில் சாலைக்கு வரும் என்பது மற்றொன்று. அவை அமைதியாகத்தான் மேயும். ஆனால் படம் எடுக்க நெருங்கினால் அந்த அமைதி நிலைக்காது. இரவு உணவுக்கு நடந்துபோக எண்ணினால், அந்த வழியில் விளக்கு உண்டா என்று பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். மழைமாதத்தில் புல்வெளியில் நடந்தவர்கள் அறைக்குள் நுழையுமுன் காலில் அட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அறைக்குள் போனதும் பெட்டியைப் பிரிக்காதீர்கள். முதலில் கீசரைப் போட்டு, பத்து நிமிடம் கழித்துக் குழாயைத் திறந்து பாருங்கள். விரிப்பைத் தூக்கி மெத்தைமேல் உள்ளங்கையை வைத்துச் சற்று அழுத்துங்கள். சில்லிப்பு என்பது வேறு, ஈரம் என்பது வேறு, கையில் ஒட்டுவதுபோல் இருந்தால் அது ஈரம். அலமாரிக்குப் பின்னால் சுவரில் கரும்புள்ளிகள் இருக்கின்றனவா, சன்னல் கொக்கி சரியாக மாட்டுகிறதா, குரங்கு நுழையுமளவு இடைவெளி உண்டா என்று பாருங்கள். குறை இருந்தால் உடனே சொல்லி அறையை மாற்றிக் கேளுங்கள். பெட்டியைப் பிரித்து, துணியைத் தொங்கவிட்டு, கட்டிலில் படுத்த பிறகு சொல்லும் குறைக்கு மதிப்பு குறைவு.

திரும்பும் நாள் ஞாயிறாக இருந்தால், மாலை வரை ஊரைச் சுற்றிவிட்டுப் புறப்படும் எண்ணத்தைக் கைவிடுங்கள். காலைச் சிற்றுண்டியை ஏழரைக்கே தரும்படி முந்தின இரவே சொல்லி, ஒன்பது மணிக்குள் பெருமாள்மலையைத் தாண்டிவிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு வத்தலக்குண்டில் இருக்கலாம்.